உள்ளே இருக்கும் பகுதிகளோடு பேசுவது: மனக்காய சிகிச்சைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

"ஒரு மனசு போய்ப் பேசிடுன்னு சொல்லுது, இன்னொரு மனசு வாயையே திறக்காதேன்னு சொல்லுது." இப்படிச் சொல்லாதவர் நம்மில் யாரும் இல்லை. 'உங்களுக்குள் இருக்கும் பகுதிகளோடு வேலை செய்யலாம்' என்று தெரபிஸ்ட் சொல்லும்போது அவர் பேசுவது இதைப் பற்றித்தான். ஓயாத அடி, அவமானம், பாலியல் கொடுமை, போர் என்று தாங்க முடியாத ஒன்று மனதில் விட்டுச்செல்லும் பாதிப்பைத்தான் மனக்காயம் (டிராமா) என்கிறோம். அதைக் கடந்து வந்தவர்களிடம் இந்த இழுபறி பல மடங்கு கடுமையாக இருக்கும். ஒரு பகுதி வேலைக்குப் போகும், சிரிக்கும், கரண்ட் பில் கட்டும். இன்னொரு பகுதி, யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் அந்த இடத்திலேயே உறைந்துபோகும்.

முதல் முறையாக அந்த அறைக்குள் போகப் போகிறவர்களுக்காகவும், சில செஷன்கள் போய்விட்டு "இது என்ன, நானே எனக்குள்ளே பேசிக்கிறதா?" என்று குழம்பி நிற்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இந்த முறை எங்கிருந்து வந்தது

1980களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற குடும்ப சிகிச்சையாளர், சிகாகோவில் புலிமியா நோயாளிகளோடு வேலை செய்துகொண்டிருந்தார். அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுக்கும் நோய் அது. குடும்பத்துக்குள் இருக்கும் சிக்கலைச் சரிசெய்தால் நோயும் போய்விடும் என்று அவர் நம்பினார். அது போதவில்லை. என்னதான் நடக்கிறது என்று நோயாளிகளையே கேட்டபோது, அவர்கள் தங்களுக்குள் இருக்கும் பகுதிகளைப் பற்றிச் சொன்னார்கள். ஒன்று கன்னாபின்னாவென்று திட்டும். அதைக் கேட்டு இன்னொன்று நான் எதற்கும் லாயக்கில்லை என்று சுருண்டுவிடும். அந்த வலியைத் தாங்காமல் மூன்றாவது ஒன்று வந்து சாப்பிட வைக்கும்.

முதலில் ஷ்வார்ட்ஸ், தொல்லை கொடுக்கும் பகுதியை அடக்கத்தான் பார்த்தார். தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் ஒரு பெண்ணிடம், இந்த வாரம் வெட்ட மாட்டேன் என்று அந்தப் பகுதி ஒப்புக்கொள்ளும்வரை விடாமல் வற்புறுத்தினார். அடுத்த முறை அந்தப் பெண் முகத்தில் வெட்டுக்காயத்தோடு வந்தார். இனி இதோடு சண்டை போட முடியாது என்று ஷ்வார்ட்ஸ் அடங்கிப்போய், 'ஏன் இதைச் செய்கிறாய்?' என்று அந்தப் பகுதியையே கேட்டார். அதனிடம் பதில் இருந்தது. சிறுவயதில் கொடுமை நடந்த நேரத்தில் அவளை அந்த உடம்பிலிருந்து விலக்கி வைத்ததும், ஆத்திரம் வெளியே வந்து இன்னும் அடி வாங்கிவிடாமல் தடுத்ததும் அந்தப் பகுதிதான். அன்று செய்த வேலையை அது இன்னும் விடவில்லை, அவ்வளவுதான்.

இப்படி வளர்ந்த முறைக்கு இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ், சுருக்கமாக ஐ.எஃப்.எஸ்., என்று பெயர். பகுதிகளோடு வேலை செய்வது இது ஒன்றில் மட்டும் இல்லை. பிரான்ஸில் பியர் ழனே என்ற உளவியலாளர் 1889-லேயே, தாங்க முடியாத அனுபவம் மனதின் மற்ற பகுதியோடு சேராமல் தனியே பிரிந்து நின்றுவிடுகிறது என்று எழுதினார். ஈகோ ஸ்டேட் தெரபி என்ற இன்னொரு சிகிச்சை முறையிலும், அனுபவம் இப்படிப் பிரிந்து நிற்பது (டிஸோசியேஷன்) பற்றிப் பின்னால் வந்த கோட்பாடுகளிலும் இதே எண்ணம் வெவ்வேறு வடிவத்தில் இருக்கிறது.

ஒன்றைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மனக்காயத்துக்குப் பிந்தைய கோளாறுக்கு (பி.டி.எஸ்.டி.) பரிந்துரைத்த உளவியல் சிகிச்சைகளில் முக்கியமானவை, மனக்காயத்தை மையமாகக் கொண்ட சி.பி.டி.யும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) இ.எம்.டி.ஆரும் (கண்ணை இருபுறமும் அசைத்தபடி நினைவைக் கையாளும் சிகிச்சை). அந்த இரண்டுக்கும் இருக்கிற அளவுக்கு ஐ.எஃப்.எஸ்.ஸுக்கு ஆய்வுச் சான்று இன்னும் சேரவில்லை. 2021-ல் வந்த ஓர் ஆய்வு நம்பிக்கை தந்தது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் 17 பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் கிடையாது. அதனால் 'இது மட்டும்தான் வழி' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இ.எம்.டி.ஆர். செய்கிற பலர் பகுதிகளோடு பேசுவதையும் சேர்த்தே செய்கிறார்கள். எனக்கு அது நல்ல சேர்க்கையாகவே படுகிறது.

தொடங்கும் முன்

அடிக்கிறவரோடு இன்றும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்றால், முதல் வேலை அந்த ஆபத்திலிருந்து வெளியே வர வழி பார்ப்பது. உள்ளே இருக்கும் காவலை அந்த நிலையில் தளர்த்தக் கூடாது. ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992-ல் மனக்காயத்திலிருந்து மீள்வதை மூன்று கட்டமாகப் பிரித்தார்: பாதுகாப்பு, நடந்ததை நினைத்துத் துக்கப்படுவது, மறுபடி வாழ்க்கையோடும் மனிதர்களோடும் சேருவது. முதல் கட்டத்திலேயே பல மாதம் போகலாம். அது வீணாகிற காலம் இல்லை.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துகொண்டே இருப்பவர்கள், தங்களையே காயப்படுத்திக்கொள்பவர்கள், மணிக்கணக்கில் என்ன செய்தோம் என்றே நினைவில்லாமல் போகிறவர்கள், வெளியிலிருந்து குரல் கேட்டு அது கட்டளை போடுவதாக உணர்கிறவர்கள் இதைத் தனியாக வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், தெரபி தொடங்கியதற்காக அதை நிறுத்தக் கூடாது. இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவையின் 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் மனநல உதவி எண் 1926.

'எனக்குள்ளே பல பகுதி இருக்குன்னா, சினிமாவில் வர்ற மாதிரி ஸ்பிளிட் பர்சனாலிட்டியா?' என்று கேட்காதவர் குறைவு. இல்லை. பகுதிகள் எல்லோருக்கும் உண்டு. ஒரு பகுதி முழுக்க ஆளை எடுத்துக்கொண்டு, அந்த நேரம் நடந்தது மற்ற பகுதிக்குத் தெரியாமலே போவது வேறு நோய், அரிதாக வருவது. அதற்கும் சிகிச்சை உண்டு, ஆனால் அதில் அனுபவம் உள்ளவரிடம்தான் போக வேண்டும்.

யாரிடம் போவது

இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். முதல் போனிலேயே மூன்று விஷயம் கேட்டுவிடலாம்: மனக்காயம் உள்ளவர்களோடு வேலை செய்யப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா, யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள், செஷன் நடுவில் நான் உறைந்துபோனால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் நிறையச் சொல்லும். 'அப்படியெல்லாம் ஆகாது, கவலைப்படாதீங்க' என்று முடித்துவிடுகிறவரைவிட, 'நிறுத்திடுவேன், கண்ணைத் திறக்கச் சொல்வேன், ரூமைச் சுத்திப் பார்க்கச் சொல்வேன்' என்கிறவரை நம்பலாம்.

முதல் நாளே எல்லாக் கதையையும் கொட்டச் சொல்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள். நடந்ததை விவரமாகச் சொல்லாமலே பல மாதம் வேலை செய்ய முடியும்.

முதல் படி: யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது

புரிவதற்காக ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 34, வங்கியில் கேஷ் கவுண்டரில் வேலை. அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர். இன்று பிரச்சினை என்னவென்றால், கணக்கு டேலி ஆன பிறகும் நாலு முறை சரிபார்ப்பார். கணவர் குரலை உயர்த்தினால் வாயடைத்துவிடும். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போனை எடுத்தால் விடியும்வரை கீழே வைக்க முடியாது. காலையில் 'நீயெல்லாம் ஒரு மனுஷியா' என்று உள்ளிருந்து ஒரு திட்டு.

ஐ.எஃப்.எஸ்.ஸில் பகுதிகளை மூன்று வகையாகப் பார்க்கிறார்கள். தப்பு நடப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கட்டுக்குள் வைப்பவை நிர்வாகிகள்: இவரிடம் நாலு முறை சரிபார்க்கும் பகுதி, திட்டும் பகுதி. வலி கிளம்பிவிட்ட பிறகு எதையாவது செய்து அணைப்பவை தீயணைப்பவர்கள்: விடியவிடிய போன். சிலருக்குக் குடி, சிலருக்குச் சாப்பாடு, சிலருக்கு வெடிக்கிற கோபம். இந்த இரு வகையும் காவல் பகுதிகள். இவை சேர்ந்து மறைத்து வைத்திருப்பது, பயத்தையும் அவமானத்தையும் சுமந்துகொண்டிருக்கும் மூன்றாவது வகையை, ஒதுக்கி வைக்கப்பட்ட பகுதிகளை. இவருக்குள் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ஆறு வயதுப் பெண் இருக்கலாம்.

ஒரு நோட்டு வாங்குங்கள். மனம் சட்டென்று மாறிய நேரம் ஒன்றிரண்டை மட்டும் அன்றன்று எழுதுங்கள்: என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, உள்ளே என்ன வார்த்தை ஓடியது. 'மேனேஜர் கூப்பிட்டார். தொண்டை அடைத்தது. மாட்டிக்கிட்டோம்.' இவ்வளவு போதும். சில வாரத்தில் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் யார் என்று தெரிந்துவிடும். பெயர் வைக்கத் தோன்றினால் வையுங்கள், ஆனால் கேவலப்படுத்தும் பெயர் வேண்டாம். 'சோம்பேறி' என்று பெயர் வைத்தவரோடு பேச அது வராது.

எதை எழுத வேண்டாம் என்பதும் முக்கியம். பழைய சம்பவங்களை விவரமாக எழுத உட்காராதீர்கள். அது அறைக்குள், ஆள் துணையோடு செய்கிற வேலை.

இரண்டாவது படி: கொஞ்சம் தள்ளி நிற்பது

எனக்குத் தெரிந்து இந்த முறையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ஒரு பகுதி நம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது அது பேசுவதை நாமே பேசுவதாக நினைக்கிறோம். 'நான் ஒரு வேஸ்ட்' என்பதற்கும், 'என்னை வேஸ்ட் என்று சொல்கிற பகுதி ஒன்று இப்போது பேசுகிறது' என்பதற்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் தேவை.

அறைக்குள் அது எப்படி நடக்கும் என்று பாருங்கள்.

"அந்தத் திட்டுற குரல் உடம்பில் எங்கே தெரியுதுங்க?"

"நெற்றியில. இறுக்கமா."

"சரி. அந்த இறுக்கத்தைக் கவனிங்க. அதைப் பார்க்கும்போது உங்களுக்கு அது மேல என்ன தோணுது?"

"வெறுப்பா இருக்குங்க. தொலைஞ்சா நல்லா இருக்கும்."

"அப்படித் தோணுறது நியாயம்தான். ஆனா வெறுக்கிறதும் இன்னொரு பகுதி. அது கொஞ்சம் நகர்ந்து உட்கார முடியுமான்னு கேளுங்க. போகச் சொல்ல வேண்டாம், பக்கத்துலயே இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் அமைதி.

"நகர்ந்துச்சு. ஆனா கையைக் கட்டிக்கிட்டு நிக்குது."

"நிக்கட்டும். இப்போ அந்தத் திட்டுறதைப் பார்த்தா?"

"பாவமா இருக்கு. ரொம்பக் களைச்சுப்போன மாதிரி தெரியுது."

'அது மேல என்ன தோணுது?' என்ற அந்த ஒரு கேள்வியை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். வெறுப்பு, பயம், 'இதைச் சரிசெய்தே ஆகணும்' என்ற அவசரம் என்று பதில் வந்தால் இன்னொரு பகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆர்வம், பரிவு, ஒரு நிதானம் வந்தால் பேசத் தொடங்கலாம். அந்த நிதானமான நிலையை ஷ்வார்ட்ஸ் 'சுயம்' என்கிறார். அது எல்லோருக்குள்ளும் சேதப்படாமல் இருக்கிறது என்பது அவர் வாதம். இதை ஏற்காதவர்களும் உண்டு. நீங்கள் அதை நம்பிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றில்லை.

எவ்வளவு முயன்றும் எதுவும் நகரவில்லை என்றால்? அன்றைக்கு அவ்வளவுதான். நகராத பகுதியைத் திட்டாமல், 'உனக்கு என்ன பயம்?' என்று கேட்டுவிட்டு அதோடு விடுங்கள்.

மூன்றாவது படி: காவல் பகுதியிடம் சம்மதம் கேட்பது

பகுதி கொஞ்சம் விலகி நின்றதும் கேட்க வேண்டியவை: நீ என்ன வேலை செய்கிறாய்? எப்போதிலிருந்து? இதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாய்? அப்புறம் ஒரு கேள்வி, பெரும்பாலும் ஆளையே அசைத்துவிடுவது: எனக்கு இப்போது என்ன வயது என்று நினைக்கிறாய்?

அந்த வங்கி ஊழியரின் பகுதி 'ஆறு' என்று சொல்லக்கூடும். நாலு முறை கணக்குப் பார்ப்பது, ஒரு சின்னத் தப்புக்கும் வீட்டில் ரகளை நடந்த காலத்தில் கற்றுக்கொண்டது. வயது 34 ஆகிவிட்டது, சம்பாதிக்கிறார், அந்த வீட்டில் இப்போது இல்லை என்பதெல்லாம் அதற்குப் போய்ச் சேரவே இல்லை. இன்றைய நிலைமையை அதற்குச் சொல்லலாம்: என் கையைப் பார், இது பெரியவளின் கை, இது என் வீடு, சாவி என்னிடம் இருக்கிறது. ஒரே நாளில் நம்பிவிடாது. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

பதில் எப்போதும் வார்த்தையாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிலருக்குப் படம் தெரியும், சிலருக்கு வயிற்றில் ஒரு பிடிப்பு, சிலருக்குச் 'சும்மா தெரியும்'. ஒன்றுமே வரவில்லை, வெறும் மூட்டமாக இருக்கிறது என்றால் அந்த மூட்டமும் ஒரு காவல் பகுதிதான். மரத்துப்போவது ஒரு காலத்தில் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதோடும் அதே மரியாதையோடு பேசுங்கள்.

காவல் பகுதி 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். தெரபிஸ்ட் அவசரப்பட்டாலும் நீங்கள் நிறுத்தலாம். காவலை மீறி உள்ளே போனால் அந்த வாரமே அது எதிர்த்து அடிக்கும்: குடி கூடும், தூக்கம் போகும், அடுத்த செஷனுக்குப் போகவே கால் வராது.

நான்காவது படி: காயப்பட்ட பகுதியிடம் போவது

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். காவல் பகுதிகள் சம்மதித்த பிறகு, தெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க, அந்தக் குழந்தைப் பகுதியிடம் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவீர்கள். அது காட்ட விரும்புவதைப் பார்ப்பீர்கள். கொடுமை நடந்த அன்று யாராவது வந்து என்ன செய்திருக்க வேண்டும் என்று அது சொல்லும். கற்பனையில் நீங்களே போய் அதைச் செய்வீர்கள். அந்த இடத்திலிருந்து வெளியே கூட்டிவருவதும், 'எல்லாம் என் தப்பு' என்று அது சுமந்ததை இறக்கி வைக்கச் சொல்வதும் இதில் உண்டு. கேட்க விசித்திரமாக இருக்கும். உள்ளே இருந்து பார்த்தவர்களுக்கு அப்படி இருப்பதில்லை.

எதிர்பாராமல் உணர்ச்சி பொங்கி மேலே போனால், அல்லது எல்லாம் மரத்துத் தூக்கம் வருவது போல் ஆனால், தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். பாதத்தைத் தரையில் அழுத்துங்கள், அறையில் தெரியும் பொருள்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள், இன்றைய தேதியைச் சொல்லுங்கள். பகுதியிடம், 'நீ மொத்தத்தையும் ஒரேயடியா என் மேல கொட்டாம இருந்தா என்னால உன் பக்கத்துல இருக்க முடியும்' என்று கேட்கலாம். ஆச்சரியமாக, பல நேரம் அது கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. நினைவில் இல்லாத கொடுமையை யாரும் தோண்டித் தேட வேண்டியதில்லை. 1990களில் அமெரிக்காவில், சிகிச்சையாளர்கள் தூண்டித் தூண்டிக் கேட்டதில் நடக்காதவை நினைவுகளாக உருவாகி, குடும்பங்கள் உடைந்து, வழக்குகள் வரை போயின. 'உங்க அறிகுறியைப் பார்த்தா யாரோ உங்களை ஏதோ பண்ணியிருக்காங்க' என்று ஒரு தெரபிஸ்ட் தானாகச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பகுதி காட்டும் படத்தில் இருக்கும் வலியை மதிக்கலாம். அதை அப்படியே சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

செஷன் முடிந்த பிறகு

50 நிமிடமோ 1 மணி நேரமோ முடிந்து வெளியே வந்ததும் நேராக ஆபீஸ் மீட்டிங்குக்குப் போகும்படி நேரம் வைக்காதீர்கள். களைப்பு, தலைவலி, காரணமில்லாத அழுகை வரலாம். சாப்பிடுங்கள், கொஞ்சம் நடங்கள். அன்று ராத்திரி திட்டும் பகுதி வழக்கத்தைவிடச் சத்தமாக வந்து, 'வீட்டு விஷயத்தையெல்லாம் வெளியே சொல்லிட்டே' என்று ஏறும். வெளியே சொல்லாமல் இருந்ததால்தான் அந்தக் குழந்தை அன்று பிழைத்தது, அதனால் அது அப்படித்தான் சொல்லும். 'நீ பயப்படுறேன்னு புரியுது, அடுத்த வாரம் உன்கிட்டதான் முதல்ல பேசுவோம்' என்று சொல்லிவிட்டு, சொன்னபடி அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்குங்கள்.

இரண்டு படுக்கையறை வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது ஆன்லைன் செஷனுக்கு இடம் எங்கே என்பது நம் வீடுகளில் நிஜமான பிரச்சினை. மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார், தோழியின் வீடு என்று ஏதாவது ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார் கேட்கிறார் என்று தெரிந்தால் எந்தக் காவல் பகுதியும் தளராது, தளரவும் கூடாது. வீட்டில் 'டாக்டர்கிட்ட தூக்கத்துக்காகப் பேசுறேன்' என்று மட்டும் சொன்னால் போதும். குழந்தைப் பகுதி பற்றியெல்லாம் விளக்கப் போய், சண்டையில் அதையே எடுத்துக் குத்திக் காட்டும் நிலைமைக்கு ஆளாக வேண்டாம். புரிந்துகொள்ளக்கூடிய துணை இருந்தால் ஒரு வாக்கியம் சொல்லி வைக்கலாம்: "நான் திடீர்னு பேசாம போனா உங்க மேல கோபம் இல்லை, எனக்குள்ள ஒண்ணு பயந்துடுச்சு. கொஞ்ச நேரம் குடுங்க."

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்

முதலில் மாறுவது பெரும்பாலும் பிரச்சினை அல்ல, பிரச்சினையோடு நமக்கு இருக்கும் உறவு. அந்த வங்கி ஊழியர் போனை எடுப்பார், ஆனால் எடுக்கும்போதே 'இன்னிக்கு ஏதோ வலிச்சிருக்கு' என்று தெரியும். பிறகு, வலித்தது என்ன என்பதும் தெரியும். அப்புறம் சில ராத்திரிகள் போனை எடுக்காமலே போகும். கணக்கை நாலு முறைக்குப் பதில் இரண்டு முறை பார்ப்பார். நடுவில் பழையபடி ஆகிற வாரங்களும் வரும். அதைத் தெரபிஸ்டிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மூன்று நான்கு மாதம் ஆகியும் தூக்கம், வேலை, உறவு எல்லாம் தொடங்கியதைவிட மோசமாகிக்கொண்டே போனால் வேகம் அதிகம் அல்லது முறை பொருந்தவில்லை. அதை அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட் கோபப்பட மாட்டார். வேகத்தைக் குறைப்பார், அல்லது வேறு முறைக்கோ வேறு ஆளிடமோ அனுப்பி வைப்பார்.